மரத்துப்போன கைகளும் மதிப்புமிக்க ஆறு மாதங்களும்

கை என்னும் ஓரெழுத்துச் சொல் நம் மொழியில் சுமக்கும் பொருள்கள் பலப்பல. உதவுவதைக் கைகொடுத்தல் என்கிறோம். உதவாமற் போவதைக் கைவிடுதல் என்கிறோம். நன்றியைத் திருப்பிச் செலுத்துவது கைம்மாறு. சமையலில் சுவை கூடினால் அது கைப்பக்குவம். நன்கு பழகிய தொழில் கைவந்த கலை. தலைவனை இழந்தோர் செயலற்று நிற்கும் துயரத்தைப் பாடும் புறத்துறைக்குக் கையறுநிலை என்று பெயரிட்ட முன்னோர், மனத்தின் தளர்ச்சியைச் சொல்வதற்குக் கையையே தேர்ந்தெடுத்தனர். இலக்கியத்தின் கையறுநிலையைப் பற்றி இம்மலரில் வேறு கட்டுரைகள் பேசட்டும். கை உடம்போடு ஒட்டியிருந்தும் கையற்றவராய் மனிதர் ஆகிவிடும் மற்றொரு நிலையைப் பற்றி நாம் பேச விழைகிறோம். தொழுநோயால் நரம்பு பழுதுற்று, கை மரத்து, பின்னர் விரல் வலுவிழந்து மடங்கிப்போகும் நிலையே அது.

தமிழ்த்துறை மலரில் மருத்துவத்துக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். இந்நோயின் துன்பத்தில் ஒரு பாதியைக் கிருமி செய்கிறது; மறுபாதியைச் சொற்கள் செய்கின்றன. சொற்களைப் பற்றிப் பேச வேண்டிய துறை நம்முடையது அன்றோ?

இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் முன்னிறுத்தி இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இவ்விரு ஊர்களும் கைகளால் வாழ்பவை. இராசபாளையத்தின் நூற்பாலைகளில், சுழலும் கதிரில் அறுந்துபோன இழையை நுனிவிரலால் தேடி எடுத்துக் கணப்பொழுதில் ஒட்டவேண்டும். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓய்வின்றி மருத்துவத்துக்கான கட்டுத்துணியை நெய்கின்றன. திருவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சுவோர் அடுப்பின் அனலுக்கு முன்னே நின்று, பால் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கின்றனர். பூமாலைக்குப் புகழ்பெற்ற அவ்வூரில் பூத்தொடுப்பவரின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிவகாசிப் பக்கம் போனால் தீப்பெட்டியும் பட்டாசும். இங்கெல்லாம் ஒருவர் விரலின் நுண்ணுணர்வை இழந்தால் நோயாளி ஆவதற்கு முன்பே கூலியை இழந்தவர் ஆகிவிடுகிறார்.

நோயின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆன்சன் என்னும் மருத்துவர் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். பாவத்தின் சம்பளம், பரம்பரைச் சாபம் என்றெல்லாம் பேசப்பட்ட ஒன்று வெறும் கிருமியின் வேலை என்று அன்றே தெளிவாகிவிட்டது. இக்கிருமி மிகவும் சோம்பலானது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். உடலுள் புகுந்து நோயாக வெளிப்படுவதற்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகலாம். இருபதாண்டுகள் கடந்து வெளிப்படுவதும் உண்டு. நம்மில் பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே இதனை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதால், கிருமி அணுகிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கைகுலுக்கிய அளவில் ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று இது.

உடலின் குளிர்ந்த பகுதிகளையே இக்கிருமி நாடும். ஆகவே தோலையும், தோலுக்குச் சற்றே அடியில் ஓடும் நரம்புகளையும் அது பற்றுகிறது. மேசையின் விளிம்பில் முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் மின்னல் ஓடியது போல் சுரீர் என்கிறதே, அவ்விடத்தில் எலும்புக்குப் பின்னால் ஓடுவதுதான் அல்னார் நரம்பு. கையைப் பொறுத்தவரை தொழுநோய் மிகுதியாகத் தாக்குவது அதனையே. நரம்பு வீங்கித் தடிக்கிறது. தொட்டால் கயிறு போல் தட்டுப்படுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரக்கின்றன. பின்னர் உள்ளங்கையின் சிறு தசைகள் வற்றி, அவ்விரு விரல்களும் பறவையின் உகிர் போல் வளைகின்றன. மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பும் பழுதானால் கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. ஊசியைப் பிடிக்கவும், சட்டைப் பொத்தானைப் போடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும் கட்டைவிரலின் அந்த ஓர் அசைவு வேண்டும். ரேடியல் நரம்பு பழுதாவது அரிது. ஆனால் மணிக்கட்டே தொங்கிவிடும்.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று ஊரார் நம்புவது முற்றிலும் பிழை. கிருமி விரலைத் தின்பதில்லை. மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது, வெட்டு தெரியாது, முள் தெரியாது. பால்கோவாச் சட்டியின் காதைத் துணியின்றித் தொட்டவர் கையை இழுத்துக்கொள்வதில்லை. கொப்புளம் கிளம்பிய பின்னரே கண்ணால் கண்டு அறிகிறார். வலியில்லாத புண்ணை யாரும் பேணுவதில்லை. புண் சீழ்வைத்து, எலும்பைத் தொட்டு, எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து விரல் குறுகுகிறது. ஆகவே விரலை அழிப்பது நோயன்று, வலியின்மை. இந்த உண்மையை உலகுக்கு நிறுவிக்காட்டியது நம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஆய்வு என்பதை நம் மாணவர்கள் அறியவேண்டும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காண அதன் தலைவர் இராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். வளைந்து மடங்கிய கைகளை உடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்குமாறு பிராண்டு சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி பொறுக்க இயலவில்லை. பயனற்றது என்று எல்லோரும் ஒதுக்கிய அக்கையில் இத்துணை வலிமையா என்று அவர் வியந்தார். முன்கையின் பெருந்தசைகள் முழு உயிரோடு இருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகளே செத்திருக்கின்றன என்பது அந்த ஒரு பிடியில் அவருக்கு விளங்கியது. உயிருள்ள தசையின் வேலையைச் சிறிது மாற்றி அமைத்தால் என்ன என்ற எண்ணமும் அங்கேதான் அவருக்குப் பிறந்தது.

அவர் கண்ட மற்றொரு காட்சியும் நினைக்கத்தக்கது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. அருகில் நின்ற தொழுநோய்ச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். சிறுவனுக்கு இவ்வளவு வலிமையா என்று பார்த்தால் தரையில் இரத்தத் துளிகள். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நம்மைப் போன்றோர் சாவியைத் திருகும்போது வலி ஓர் எல்லையில் போதும் என்று நிறுத்துகிறது. அச்சிறுவனுக்கு அந்தக் காவலன் இல்லை. வலியைத் தண்டனை என்று எண்ணிப் பழகிய நமக்கு, அது ஒரு காவல் என்று உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1940களின் இறுதியில் வேலூரில் தொடங்கிய கை அறுவை, பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் வழிகாட்டியது. அறுவையின் கருத்து எளிது. ஒரு விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உள்ளன; ஒன்று போனாலும் மற்றொன்று வேலையைச் செய்யும். அவற்றுள் ஒன்றைக் கடனாகப் பெற்று, நான்கு இழைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியே கொண்டுசென்று நான்கு விரல்களிலும் பிணைப்பது ஒரு முறை. பாவு பிணைக்கத் தெரிந்த தறிக்காரர் ஒருவருக்கு இதை விளக்கினால் மருத்துவ மாணவரைக் காட்டிலும் விரைவாகப் புரிந்துகொள்வார்! மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் பல வாரப் பயிற்சி. இதுகாறும் விரலை மடக்கிய தசை இனி வேறு வேலை செய்யவேண்டும் என்று மூளைக்குக் கற்பிக்கும் பயிற்சி அது. பயிற்சியைப் பாதியில் விட்டவருக்கு அறுவையின் பயனும் பாதியே. வண்டி விபத்தில் 1954இல் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார். செங்கற்பட்டில் பணியாற்றிய அறுவை மருத்துவர் எச். சீனிவாசன் எழுதிய ஊனத்தடுப்பு வழிகாட்டியை 1993இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. வேலூரை அடுத்த காரிகிரி மருத்துவமனை 1955 முதல் இப்பணியில் இருந்து வருகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அறுவை விரலை நிமிர்த்தும், பிடியைத் தரும், தோற்றத்தைச் சீராக்கும். போன உணர்வை அது திருப்பித் தராது. நிமிர்ந்த விரலும் மரத்த விரலே. ஆகவே அறுவைக்குப் பின்னும் நாள்தோறும் கையைக் கண்ணால் ஆராய்ந்து, நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூசி, கைப்பிடி உள்ள குவளையும் மரப்பிடி போட்ட கரண்டியும் கொண்டு வாழ்ந்தாக வேண்டும். உணர்வைக் காப்பாற்றவேண்டிய காலம் அறுவைக்கு நெடுநாள் முந்தியது. நம் கட்டுரையின் மையம் அதுவே.

நரம்பு பழுதுபடத் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் கண்டுகொண்டு, பிரட்னிசோலோன் போன்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கினால், பலருக்கு உணர்வும் வலிமையும் திரும்பி வரக்கூடும். காலம் கடந்தால் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். நரம்பு சில வேளைகளில் வலியோடு வீங்குகிறது. சில வேளைகளில் ஓசையின்றிச் சாகிறது. பின்னது கொடியது. நூற்பாலைத் தொழிலாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று, அரிப்பதில்லை, வலிப்பதில்லை, ஆகவே பொருட்படுத்துவதில்லை. சில மாதங்களில் சுண்டுவிரலில் மதமதப்பு. இழை ஒட்டுவதில் கை பின்தங்குகிறது, மேற்பார்வையாளர் கடிந்துகொள்கிறார். அவர் எங்கே செல்வார்?

இங்கேதான் ஒரு சொல் அவரைத் தவறான தெருவுக்குத் திருப்புகிறது. கை மரத்தாலும் வலுவிழந்தாலும் நம் ஊர்களில் அதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர். அந்தப் பெயரோ, சுவரெழுத்துகளிலும் பேருந்து நிலையத் தட்டிகளிலும், விடுதி அறைகளில் முகாமிடும் வைத்தியர்களின் விளம்பரங்களிலும் வேறொரு பொருளுக்கு விலைபோய்விட்டது. ஆண்மைக் குறைவு என்று வெளிப்படையாகச் சொல்ல நாணி வைத்த இடக்கரடக்கலாக அது மாறிவிட்டது. உண்மையாகவே நரம்பு நோயுற்ற இளைஞர் தம் நிலையைச் சொல்ல வாய்திறந்தால் கேட்போர் நகைப்பரோ என்று கூசுகிறார். கூசாதவர் இலேகியம் வாங்கி உண்கிறார். ஒரு சொல்லின் பொருள் திரிந்ததால் ஆறு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. சொற்பொருள் மாற்றம் என்று மொழியியல் வகுப்பில் உயர்பொருட்பேறும் இழிபொருட்பேறும் நடத்துகிறோம். அதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம், மாணவர் மறக்கமாட்டார்.

மற்றொரு சொல்லும் உண்டு. நம் மேடைகளில், ஊழல் என்பது சமுதாயத்தின் தொழுநோய், சாதி என்பது நாட்டைப் பற்றிய குட்டம் என்று முழங்காத பேச்சாளர் குறைவு. பேச்சுப் போட்டிகளில் இவ்வுருவகத்துக்குக் கைதட்டலும் கிடைக்கிறது. அவையின் பின்வரிசையில் முன்கைத் தேமலைச் சட்டைக் கையால் மறைத்து அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருந்தால், அவன் அந்தக் கைதட்டலிலிருந்து எதனைக் கற்றுக்கொண்டு வெளியேறுவான்? மறைக்கவே கற்றுக்கொள்வான். 1954இல் வெளிவந்த இரத்தக்கண்ணீர் திரைப்படத்தில் எம். ஆர். இராதாவின் நடிப்பு ஈடிணையற்றது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒழுக்கம் கெட்டவனுக்கு வரும் தண்டனையாக அப்படம் காட்டிய நோய், தலைமுறைகளின் மனத்தில் அவ்வாறே பதிந்துவிட்டது. வேலூரில் மடங்கிய விரல்கள் நிமிர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், திரையரங்குகளில் அவ்விரல்கள் பாவத்தின் அடையாளமாயின. கலைஞரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. கலையின் ஆற்றல் இரு பக்கமும் வெட்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

சட்டமும் நெடுநாள் இந்தச் சொல்லைச் சுமந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. நம் சமுதாயப் பெரியோர் நன்கறிந்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவர் தொழுநோயால் துன்புறுவது மனைவி மணமுறிவு கோருவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக இருந்தது. இந்துத் திருமணச் சட்டமும், கிறித்தவர்க்குரிய மணமுறிவுச் சட்டமும், சிறப்புத் திருமணச் சட்டமும் இதில் வேறுபடவில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவை அனைத்திலிருந்தும் அக்காரணத்தை நீக்கியது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து உட்கொண்டால் குணமாகும் நோய்க்காகக் குடும்பத்தைப் பிரிக்கலாம் என்ற விதி, அம்மருந்து நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றிருந்தது வியப்புக்குரியது. சட்டம் மாறியதை அறியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. ஜமாஅத்துப் பெரியோரும் ஊர்ப் பெரியோரும் மணவிணை வழக்குகளைக் கேட்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

பெரியோரிடம் இன்னொன்றும் பணிவுடன் சொல்வோம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் முகப்பிலும், ஏனைய நாட்களில் கோயில், தேவாலய வாயில்களிலும் மடங்கிய கைகளை நீட்டி அமர்ந்திருப்போர்க்கு ஈகை செய்யும் நெஞ்சம் நம்மவர்க்கு உண்டு. அது நன்றே. ஆயின் பிராண்டிடம் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒருவர் மீண்டும் வந்து முறையிட்ட செய்தியை எண்ணிப் பாருங்கள். நிமிர்ந்த இக்கைகள் பிச்சைக்கு உதவவில்லை, முன்பு இரங்கியவர் இப்போது இரங்குவதில்லை, வேலையோ யாரும் தருவதில்லை என்பது அவர் கூற்றின் கருத்து. அதன் பின்னரே 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவ ஜீவ நிலையம் எழுந்து, தச்சும் பிற தொழில்களும் கற்பிக்கப்பட்டன. வளைந்த கைக்குக் காசு, நிமிர்ந்த கைக்குக் கதவடைப்பு என்பது ஈகையின் விந்தையான கணக்கு. தொழுகை முடிந்து ஒருவரோடொருவர் முசாபஹா செய்யும்போது ஒதுங்கி நிற்பவர் யார், விருந்தில் சகனில் உட்காராமல் தனித்தட்டு கேட்பவர் யார் என்று பெரியோர் ஒருமுறை நோக்கினால் போதும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரால் பிறர்க்கு நோய் பரவும் அச்சம் நீங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்து அறிந்திருந்தால், கை நீட்டுவதில் தயக்கம் ஏன்?

இந்நோய் ஒழிந்துவிட்டதன்றோ, இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்போரும் உளர். 2005ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே சிகிச்சையில் உள்ளனர் என்ற கணக்கின்படி, தேசிய அளவில் இந்நோய் பொதுச்சுகாதாரச் சிக்கலாக இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பெரும் சாதனை அது; 1983இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் அக்கணக்கு சிகிச்சையில் உள்ளோரின் கணக்கு. மருந்துக் காலம் முடிந்ததும் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். நரம்போ பதிவேட்டைப் படிப்பதில்லை. மருந்து உண்ணும் காலத்திலும், உண்டு முடித்த பின்னரும்கூட எதிர்வினை தோன்றி நரம்பு பழுதுபடலாம். 2023ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். உலகில் அவ்வாண்டு கண்டறியப்பட்டோரில் பாதிக்கும் மேல் நம் நாட்டினர். நோய் அரிதாக அரிதாக, அதனை நேரில் கண்டு பழகிய கண்களும் அரிதாகின்றன. முழங்கையைத் தடவிப் பார்த்து நரம்பின் தடிப்பை உணரும் விரல்கள் முந்தைய தலைமுறைச் சுகாதாரப் பணியாளர்க்கு இருந்தன. 1955இல் போளம்பாக்கத்தில் பணியைத் தொடங்கிய பெல்ஜிய மருத்துவர் எமெரிக்ஸ், மருத்துவமனைக்கு நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊர்தோறும் மரத்தடியில் மருத்துவம் பார்த்தார். அந்த மரத்தடிகளின் நினைவு இன்று தேய்ந்துவருகிறது.

நம் கருத்து இதுதான். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளும் விசைத்தறிக் கூடங்களும் தம் தொழிலாளர்க்கு நடத்தும் உடற்பரிசோதனையில் கைச்சோதனையைச் சேர்க்கவேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, பந்துமுனைப் பேனாவால் விரல்நுனிகளை மெல்லத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்பது ஒன்று. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துச் சுண்டுவிரலை வெளியே விரித்து, தள்ளினாலும் மடங்காமல் நிறுத்தச் சொல்வது மற்றொன்று; கட்டைவிரலைக் கூரை நோக்கி நிமிர்த்தி நிறுத்துவதும் மணிக்கட்டை மேலே தூக்கி நிறுத்துவதும் ஏனையவை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடுதேடிச் செல்லும் பணியாளர் இந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவு உடைய பெரியோர்க்குக் கால் மரப்பதன் பொருள் தெரியும். அவர்கள் அணியும் மென்மையான நுண்துளை இரப்பர்ச் செருப்பு முதலில் தொழுநோயாளரின் பாதங்களுக்காகவே உருவானது என்பது பலர்க்கும் தெரியாது. கை மரப்பதெல்லாம் தொழுநோய் ஆகிவிடாது. நீரிழிவு, கழுத்தெலும்புத் தேய்வு எனக் காரணங்கள் பல. முடிவு சொல்வது மருத்துவர் வேலை. மருத்துவரிடம் விரைந்து அனுப்புவது நம் வேலை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம்.

சோதனையில் ஒருவர் கண்டறியப்பட்டால் ஆலை அவரை வேலையை விட்டு நீக்கிவிடும், ஆகவே சோதனையே தீங்கு என்று ஒரு தடை எழுப்பப்படுகிறது. அந்த அச்சம் பொய்யன்று. அதனால்தான், கண்டறியப்பட்டவரை நீக்குவதில்லை, மருந்து முடியும் வரை இழை ஒட்டும் பணிக்கு மாற்றாக வேறு பணி தருவோம் என்ற உறுதிமொழியை நிருவாகம் முன்னதாகவே எழுத்தில் தரவேண்டும் என்கிறோம். அந்த உறுதி இல்லாத இடத்தில் சோதனை வேண்டாம் என்பதையும் ஒப்புகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன் பாதுகாப்பில் சேர்த்துள்ளது. நிருவாகத்தோடு பேசும்போது அதனைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

நம் துறை செய்யக்கூடியதும் ஒன்று உள்ளது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆலைவாயிலிலும் தறிக்கூடங்களிலும் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை வேண்டும். அதனை மருத்துவத் தமிழில் எழுதினால் யாரும் படியார். மரத்துப்போதல், மதமதப்பு, எறும்பு ஊர்தல், பிடி நழுவுதல் என்று அவ்வூர்த் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களைத் திரட்டி எழுதவேண்டும். நரம்புத் தளர்ச்சி என்ற சொல் அதில் இடம்பெறலாகாது. தொழுநோய் என்ற சொல்லை முதல் வரியிலேயே வைப்பதா, அஞ்சிப் படிக்காமல் விடுவரோ என்று கடைசியில் வைப்பதா என்பதில் துறையினரிடையே இரு கருத்துகள் உள்ளன. முதல் வரியில் வைக்கவேண்டும் என்பதே நம் கருத்து; ஒளித்து வைக்கும் சொல்லுக்கு அச்சம் கூடும். சனவரி 30, தொழுநோய் எதிர்ப்பு நாள். அதற்கு முன் அறிக்கை அச்சாகவேண்டுமெனில், சொல் திரட்டச் செல்லும் மாணவர் பொங்கல் விடுமுறைக்கு முன்பே இராசபாளையம் பேருந்தில் ஏறியாகவேண்டும்.